நிழல் கிளம்பவில்லை

ஜனவரி 27, திங்கள்

லேபில் இருக்கும் கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் வைரஸ் புகுந்து உள்ளே இருந்ததைப் பூட்டிவிட்டது. யாரோ ஒரு புண்ணியவதி எங்கிருந்தோ ஒரு பாட்டை இறக்கியதன் பலன். ஹார்ட் டிஸ்க்குகளைக் கழற்றி மூலையில் போட்டாயிற்று. பிளஸ் டூ பிராக்டிகல் பிப்ரவரி 20. புது மெஷின் கேட்டதற்கு கரஸ்பாண்டன்ட் ஐயா, "அடுத்த வருஷம் பாப்போம்" என்றார். அடுத்த வருஷம் என்பது அவர் வாயில் 'கிடையாது' என்பதற்கு மரியாதையான பெயர்.

நான்தான் வாயைக் கொடுத்தேன். "பென்டிரைவிலேயே லினக்ஸ் போட்டுத் தாரேன். சொருகினா கம்ப்யூட்டர் அதுல இருந்தே கிளம்பும், உருவினா ஒரு தடயமும் இருக்காது" என்று. ஹெச்.எம். எஸ்தர் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வடிவு, இது ஓடலைன்னா பிள்ளைகளை வேற பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போயி எழுத வைக்கணும். மானம் போயிரும், பாத்துக்கிடுங்க."

ஆகவே இரண்டு வாரமாக வீட்டில் அதைத்தான் சமைக்கிறேன். பாடத்திட்டத்துக்கு வேண்டியது மட்டும், மெனு முழுக்கத் தமிழ். பெயரும் வைத்துவிட்டேன்: நிழல். கூடவே வரும், சுவடு விடாது.

லேபுக்கு வேண்டிய முப்பது பென்டிரைவையும் சுத்தம் செய்து, பெயர் கொடுத்து, நான் கொண்டுவரும் ஃபைல்களை ஏற்றும் வேலை எழிலுக்கு. எழில்நிலா, நவம்பரில் வந்த லேப் அசிஸ்டென்ட். இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருகிறாள். எம்.சி.ஏ. படித்திருக்கிறாள். என் படிப்பு பழைய டிப்ளமோ. அதனால் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை.

இன்று அவளிடம் தெளிவாகச் சொன்னேன். "ஒவ்வொண்ணுக்கும் நிழல்னு பேர் வை. கிளம்பும்போது அந்தப் பேரைத்தான் அது தேடும். தமிழ் எழுத்தை அது ஏத்துக்காது, இங்கிலீஷ்ல வை." தலையாட்டினாள்.

ஜனவரி 30, வியாழன்

நேற்று என் சொந்தப் பென்டிரைவில் வீட்டில் கிளம்பியது. திரையில் 'நிழல்' என்று தமிழில் வந்ததும் இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் வீட்டுக்காரர் கூட்டுறவு வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் ஆச்சரியப்பட மாட்டார். "கலர் நல்லாருக்கு" என்றார்.

இன்று பள்ளியில் எழில் தயாரித்ததைச் சொருகினேன். கறுப்புத் திரை. நாலைந்து வரி ஓடி நின்றது. 'இந்தப் பெயரில் எதுவும் கிடைக்கவில்லை' என்று ஆங்கிலத்தில் புலம்பியது. பெயரைப் பார்த்தேன். நான் வைத்த பெயர்தான், ஓர் எழுத்து பிசகவில்லை. பிறகென்ன கேடு?

ஜனவரி 31, வெள்ளி

கிளம்பவில்லை. வீட்டில் பால் வேறு திரிந்துவிட்டது.

பிப்ரவரி 3, திங்கள்

காலையிலிருந்து லேபிலேயே கிடந்தேன். மெஷின் விழித்ததும் முதலில் ஓடும் பயாஸில் பாதுகாப்புப் பூட்டை எடுத்தேன். முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கம் சொருகினேன். செத்துப்போன பேட்டரியை மாற்றினேன். வேறு கம்பெனி பென்டிரைவ் வாங்கி எழிலிடம் கொடுத்து ஏற்றச் சொன்னேன். எல்லாம் அதே கறுப்பு.

பிறகு என் கைப்பையிலிருந்த பென்டிரைவை அதே மெஷினில் சொருகினேன். கும்பிட்டு எழுந்த பிள்ளை மாதிரி கிளம்பியது!

அப்போது மெஷினில் கோளாறு இல்லை. என் லினக்ஸிலும் இல்லை. அவள் கை பட்டதெல்லாம் படுத்துக்கொள்கிறது. இதைவிட வெளிச்சமாக யார் சொல்ல வேண்டும்?

அவளும் பக்கத்தில்தான் நின்றாள். கறுப்புத் திரையையே உற்றுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறித்துவைத்துக்கொண்டேன்.

இரவு இவரிடம் சொன்னேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. பென்டிரைவு டூப்ளிகேட்டா இருக்கும்ட்டி" என்றார். எல்லாவற்றுக்கும் ஒரு டூப்ளிகேட் வைத்திருப்பார். நான் இரண்டு கம்பெனி போட்டுப் பார்த்தது இவர் காதில் ஏறவே இல்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

கடைவாய்ப் பல் பிடுங்கினேன். விடுப்பு. கன்னம் வீங்கி இட்லிதான் ஆகாரம்.

சாயங்காலம் எழில் போன் செய்தாள். "டீச்சர், நாலு பென்டிரைவ் கிளம்பிட்டு!"

"எப்படி?"

"தானா சரியாயிட்டு டீச்சர்."

தானாகச் சரியாக அது என்ன ஜலதோஷமா? நான் இருக்கும்போது படுத்துக்கொள்ளுமாம், நான் பல்லைப் பிடுங்கப் போனால் எழுந்துகொள்ளுமாம்.

பிப்ரவரி 5, புதன்

தமிழ் எழுத்துரு ஒன்று உடைந்து தெரிந்ததால் வீட்டில் திருத்திப் புதுப் பதிப்பு கொண்டுபோனேன். அந்த நாலில் மூன்றில் நானே என் கையால் ஏற்றினேன். மூன்றும் படுத்துவிட்டன. நான் தொடாத நாலாவது மட்டும் ஜம்மென்று கிளம்புகிறது.

அதை என் லேப்டாப்பில் திறந்தேன். உள்ளே பூட் ஃபைல் என்று ஒன்று. எதை எப்படிக் கிளப்ப வேண்டும் என்று நான் எழுதிவைத்த ஃபைல், என்னைத் தவிர யாருக்கும் அதில் வேலை இல்லை. அது நேற்று மதியம் மாற்றப்பட்டிருக்கிறது! நேற்று நான் பல் வைத்தியரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன்.

உள்ளே எதைச் செருகியிருக்கிறாள் என்று வரி வரியாகப் பார்த்தேன். கூடுதலாக ஒரு வரி இல்லை, குறையவும் இல்லை. எல்லாம் என் வரிகள்தான். அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. தடம் தெரியாமல் செய்யத் தெரிந்தவள்.

"இனிமே நான் இல்லாம எதையும் தொடாத" என்றேன். "சரிங்க டீச்சர்." முகத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

அவள் என்னோடு சரியாகப் பேசுவதே இல்லை என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னபோது, தமிழ் டீச்சர், "அன்னைக்கு நீங்க அந்தப் பிள்ளையைப் பாத்துச் சிரிச்சீங்கல்லா, அதுலேருந்துதான்" என்றார். எனக்கு நினைவே இல்லை. பிறகு வந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று அடையாள அட்டைக்கு ஆங்கிலத்தில் பெயர் எழுதிக் கொடுத்தாள். எழிலுக்கு நடுவில் 'எல்' போட்டிருந்தாள். "ஏட்டி, எம்.சி.ஏ. படிச்சிருக்கே, உன் பேரையே எழுதத் தெரியலையே! ழ-வுக்கு இசட் ஹெச்லா போடணும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். ஒரு கேலிக்கா இவ்வளவு?

ஆனால் மனசில் வைத்திருந்து பழிவாங்குகிறவர்களும் உலகத்தில் உண்டு.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று என் காதாலேயே கேட்டேன்.

எங்களோடு பேசும்போது அவளுக்கு நம்மூர்ப் பேச்சுதான். வந்துட்டு, போயிட்டு, எல்லாம் வரும். அம்மாவோடு போனில் பேசும்போது மட்டும் வேறு பேச்சு. ஒரு வாய்க்குள் இரண்டு நாக்கு. லேபுக்கு வெளியே படிக்கட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் நின்றேன்.

"ஓமம்மா, முதல்ல எல்லாத்தையும் அழிச்சுப்போட்டன்… டீச்சருக்குச் சொல்லேல்லை… மாத்திப்போட்டன்… பிறகு அவ திரும்பவும்…"

என்னைக் கண்டதும் போனை அணைத்துவிட்டாள்.

எல்லாத்தையும் அழிச்சுப்போட்டாளாம். எனக்குச் சொல்லவில்லையாம். மாற்றிப்போட்டாளாம். இதற்கு மேல் என்ன, மைக் வைத்தா சொல்ல வேண்டும்?

பிப்ரவரி 10, திங்கள்

காலை பிரார்த்தனையில் ஹெச்.எம்., "நம்ம எழில் இருக்கறதால பிராக்டிகல் பத்திக் கவலை இல்லை" என்று அறிவித்தார். நம்ம எழில். ராத்திரி ராத்திரியாகக் கண்ணெரிய உட்கார்ந்தவள் வடிவு. எனக்கு ஒன்றும் பொறாமை இல்லை. உண்மை தெரியவேண்டும், அவ்வளவுதான்.

இடைவேளையில் ஹெச்.எம். அறைக்குப் போனேன். ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

"வடிவு, நீங்க சொல்லுதது நெசந்தானா? முகாம் பிள்ளை. நாம ஒண்ணு சொன்னா அது அதோட நிக்காது."

"ஃபைலை மாத்தினது நெசம். அவளே போன்ல சொன்னது நெசம்."

பிப்ரவரி 11, செவ்வாய்

எழிலைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஹெச்.எம்., கரஸ்பாண்டன்ட் ஐயா, நான்.

"டீச்சரோட ஃபைலை மாத்தினியாம்மா?" என்று ஐயா கேட்டார்.

"மாத்தினேன் சார். பேர்ல ஒரு எழுத்து…"

"எழுத்தாவது ஒண்ணாவது! மாத்தினேன்னு அவளே ஒத்துக்கிட்டா, அது போதும்லா சார்" என்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவும் இல்லை.

நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஐயா முகாம் ஆபீசுக்கும் ஒரு வார்த்தை போட்டுவிட்டாராம். அது நான் கேட்டுக்கொண்டதில்லை.

அவள் போகும்போது சோற்று டப்பாவை லேப் ஜன்னலிலேயே மறந்துவிட்டாள்.

பிப்ரவரி 12, புதன்

லேபுக்குப் புதுப் பூட்டு வாங்கினேன். ஒரே சாவி, என் இடுப்பில்.

புதிதாக ஒரு பென்டிரைவை எடுத்து, சுத்தம் செய்து, பெயர் வைத்து, எல்லாம் என் கையாலேயே செய்தேன். பள்ளி மெஷினில் முதல் தடவையிலேயே கிளம்பியது. பார்த்தீர்களா! ஹெச்.எம்.மைக் கூட்டிவந்து காட்டினேன். "அப்போ அந்தப் பிள்ளைதானா…" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

அவள் சுத்தம் செய்துவைத்த முப்பதிலும் என் ஃபைல்களை நானே மறுபடி ஏற்றினேன். காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டுச் செய்தேன்.

ஒன்றும் கிளம்பவில்லை.

அவள் இல்லை. சாவி என்னிடம். பூட் ஃபைல் நான் எழுதியது, ஏற்றியதும் நான். இப்போது யார் மேல் சந்தேகப்படுவது? ஒருவரும் மிச்சமில்லை. ஜன்னலில் அந்த டப்பா இருக்கிறது. கழுவி வைத்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

கிளம்புகிற என்னுடையதையும் கிளம்பாத ஒன்றையும் ஒரே லேப்டாப்பில் பக்கம் பக்கமாகச் சொருகினேன். இத்தனை நாளில் இதைச் செய்யவே இல்லை. திரையில் இரண்டு சின்னப் படம், கீழே இரண்டு பெயர்.

என் நிழலில் நடுவில் இசட் ஹெச். அவள் நிழலில் எல்.

முதலில் சிரிப்புதான் வந்தது. "ஸ்பெல்லிங் தெரியாத கழுதை" என்று வாய்விட்டே சொன்னேன். சொன்ன வாய் அப்படியே நின்றது.

'நிழல்னு பேர் வை' என்றுதான் நான் சொன்னேன். எப்படி எழுதவேண்டும் என்று சொல்லவில்லை. அவள் இலங்கைக்காரர்கள் எழுதுகிற மாதிரி ழ-வுக்கு எல் வைத்தாள். எழிலுக்கு எல் போடுகிறவள் நிழலுக்கு வேறு எதைப் போடுவாள்? என் பூட் ஃபைல் இசட் ஹெச் போட்ட நிழலைத் தேடுகிறது. எல் போட்ட நிழல் கண்ணெதிரே சொருகிக் கிடந்தாலும் அது அதற்கு வேறு ஆள். இல்லை, கிடைக்கவில்லை என்று கறுத்துப்போகிறது. திரையில் நான் வைத்த பெயர் சரியாக இருந்ததே என்று பார்த்தேனே தவிர, பென்டிரைவின் பெயர் என்னவென்று நான் பார்க்கவில்லை.

அவள் பார்த்திருக்கிறாள். அன்று கறுப்புத் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றபோதே. நான் இல்லாத நாளில் என் ஃபைலில் அந்த எழுத்தை மட்டும் மாற்றி நாலைக் கிளப்பியிருக்கிறாள். மறுநாள் நான் போய் மூன்றைக் கெடுத்தேன். நாலாவதில் வரி வரியாகத் தேடினேன், கூடுதலாக ஏதாவது இருக்கிறதா என்று. எழுத்தைப் பார்க்கவில்லை.

அழித்தது என்றால் பென்டிரைவில் இருந்த பழையதை. நான்தானே அழிக்கச் சொன்னேன்! 'பேர்ல ஒரு எழுத்து' என்று அந்த அறையில் அவள் ஆரம்பித்தாள். எழுத்தாவது ஒண்ணாவது என்றவள் நான்.

அட பாவி வடிவு.

இவரிடம் சொன்னேன். நான் எதிர்பார்த்த பழமொழியைச் சொல்லவில்லை. "நாளைக்கு பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டு வைக்கேன்" என்றார்.

பிப்ரவரி 15, சனி

முகாமுக்குப் போனேன். இத்தனை வருஷமாக அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போகிறேன், ஒருநாளும் இறங்கினதில்லை. வரிசை வரிசையாகத் தகரக்கூரை வீடுகள். பெயர் சொன்னதும் ஒரு பெண் காட்டிவிட்டாள்.

எழிலின் அம்மா கதவைத் திறந்தார். நான் யாரென்று தெரிந்திருக்க வேண்டும், முகம் ஒரு நொடி இறுகியது. ஆனாலும், "வாங்கோ, இருங்கோ. தேத்தண்ணி போடட்டோ?" என்றார்.

எழில் உள்ளேயிருந்து வந்தாள். டப்பாவை நீட்டினேன். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், "எல்" என்றேன். "எல் போட்டிருக்கே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நம்மூர்ப் பேச்சு வரவில்லை அவளுக்கு. "ஓம் டீச்சர். அந்த ஸ்கிரீனைப் பாத்த உடன விளங்கிட்டுது. முப்பதுக்கும் பேர் பிழையா வச்சிட்டன் எண்டு. சொன்னா எல்லாரும் திரும்பச் சிரிப்பீங்கள் எண்டு வெக்கமாப் போச்சுது. உங்கட ஃபைல்ல ஒரு எழுத்தை மாத்தினாப் போதும் எண்டு மாத்திப்போட்டன். உங்களிட்டக் கேக்காமல் மாத்தினது பிழைதான்."

"நீ வச்ச பேர் பிழையில்ல. நான் எழுதினதும் பிழையில்ல. நான் கேக்காம விட்டதுதான் பிழை" என்றேன். வெட்கத்தில் காது சுட்டது. "நான் ஹெச்.எம். கிட்டச் சொல்லுதேன். திங்கக்கிழமை வந்துரு, தாயீ."

அவள் யோசிக்கவே இல்லை. "வேண்டாம் டீச்சர். இனி அங்க என்ன பழுதாப் போனாலும், நீங்கள் முதல்ல என்னைத்தான் பாப்பீங்கள்."

மாட்டேன் என்று சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை.

"ஒண்டு மட்டும் செய்யுங்கோ. முகாம் ஆபீசில கூப்பிட்டு விசாரிச்சவை. நான் ஒண்டும் கெடுக்கேல்லை எண்டு அவையளிட்ட நீங்கள் சொல்லவேணும். நான் சொன்னா எடுபடாது."

தேத்தண்ணியில் இஞ்சி போட்டிருந்தார் அந்த அம்மா. முழுதும் குடித்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

ஹெச்.எம்.மைக் கூட்டிக்கொண்டு முகாம் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்தவரிடம் இசட் ஹெச், எல் எல்லாவற்றையும் விளக்கினேன்.

"ஒரு எழுத்துக்காம்மா இவ்வளவும்?" என்று சிரித்தார்.

"ஆமா சார். தப்பு என்னுது. அந்தப் பிள்ளை மேல ஒண்ணும் இல்லன்னு அழுத்தமா எழுதிக்கிடுங்க." எழுதுகிறவரை எழுந்திருக்கவில்லை.

திரும்பும் வழியில் ஹெச்.எம். பஸ் ஸ்டாண்டு வந்ததும், "டவுன்ல ஒரு பிரிண்டிங் பிரஸ்ல அவளுக்கு வேலை கிடைச்சிருக்காம்" என்றார். நல்லது என்றேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

முப்பது பென்டிரைவுக்கும் பெயரை மாற்றலாம். அல்லது என் பூட் ஃபைலில் ஓர் இடத்தைத் திருத்தலாம். என் ஃபைலைத் திருத்தினேன், இசட் ஹெச்சை எடுத்துவிட்டு எல். அதுதான் வேலை குறைவு, வேறு காரணம் ஒன்றுமில்லை.

திருத்திய பிறகு என்னுடைய பென்டிரைவ் கிளம்பவில்லை. அதற்கும் எல் போட்டுப் பெயர் வைத்தேன். அதற்கு ஒரு காரணமும் சொல்லத் தோன்றவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

பிராக்டிகல். முப்பதும் கிளம்பின. திரை திரையாக 'நிழல்' என்று தமிழில் வந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். தமிழில் எழுதினால் எனக்கும் அவளுக்கும் ஒரே எழுத்துதான்.

வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் நல்ல மனிதர். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்து, "பிரமாதம் டீச்சர், யாரு செஞ்சது?" என்றார்.

"நானும் எழில்நிலான்னு ஒரு பிள்ளையும்."

ஹெச்.எம். திரும்பி என்னைப் பார்த்தார்.

எக்ஸாமினர் ஒரு மெஷினில் குனிந்து பென்டிரைவின் பெயரைப் படித்தார். படித்தவுடன் சிரித்தார். "ஸ்பெல்லிங் தப்பா இருக்கே டீச்சர். ழ-வுக்கு இசட் ஹெச்லா வரணும்? இருங்க, நானே திருத்திருதேன்" என்று மவுசில் கையை வைத்தார்.

"தொடாதீங்க சார்" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது, லேபே திரும்பிப் பார்த்தது. "அது தப்பில்ல. பேரை மாத்தினா கிளம்பாது."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.